மூணாவதா பாடப்போறது யாரு?

2025 மே 31, சனிக்கிழமை. புரோ கபடி லீக்கின் 12ஆவது தொடருக்கு மும்பையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. இங்கே காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில், கோயிலை ஒட்டிய திண்ணையில், சுவரில் சாய்த்து வைத்த ஒரே ஒரு செல்போனுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பையன்கள். எல்லோரும் ஊர் கபடி செட்டுக்காரர்கள். ஒருவன் மடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்திருந்தான்: பேர், விலை, போன வருஷத்துப் புள்ளி.

அர்ஜுன் தேஷ்வால் தமிழ் தலைவாஸுக்கு என்று முடிவானதும் திண்ணையே குலுங்கியது. 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். 2022இல் ஜெய்ப்பூர் கோப்பை வென்ற தொடரில் 296 ரைடு புள்ளி எடுத்த ஆள். அதே ஏலத்தில் பவன் செராவத்தும் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் தலைவாஸ் பக்கம் வந்து சேர்ந்தார். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. "அர்ஜுனும் பவனும் ஒரே டீம்ல! இந்த வாட்டி கப்பு நம்மளுதுதான்டா!"

திண்ணையின் ஓரத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மோதிர விரல் முழுசாக நீளாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடுகிற கணுக்கால் ஒன்றைப் பிடித்தபோது மடங்கியது, மடங்கினபடியே நின்றுவிட்டது. ஊரில் அவருக்குக் கார்னர் மாமா என்றுதான் பெயர். நோட்டை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிடா. இவங்க ரெண்டு பேரும் வெளிய உக்காந்துட்டா, மூணாவதா பாடப்போறது யாரு?"

நோட்டுக்காரப் பையன் ஒரு பெயர் சொன்னான். மாமா தலையாட்டவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் கபடி ஆடியவர்களுக்கு உடனே புரியும். கிரிக்கெட்டில் நல்ல பேட்ஸ்மேன் நிலைத்து நின்றால் நாள் முழுக்க ஆடலாம். கால்பந்தில் நட்சத்திர வீரர் 90 நிமிஷமும் களத்தில் இருப்பார். கபடியில் பாடிப் போனவர், அதாவது ரைடர், பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான் திரும்பி வரலாம். ஆகவே, ஒரு ரைடர் எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவுக்கு அவரை உட்கார வைப்பதுதான் எதிரணியின் முதல் வேலை. ஆட்டமே 40 நிமிஷம். பெரிய ஆள் வெளியே இருக்கும் நேரத்தில் அவர் இடத்தில் போய் 30 விநாடி மூச்சைப் பிடித்துப் பாடி, ஒரு புள்ளியையாவது எடுத்துவந்து அவரை உள்ளே கூப்பிட ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் பெயரில்தான் ஆட்டம் நிற்கும். ஏல நாளில் அவர் விலை தலைப்புச் செய்தியாவதில்லை.

ஒரு அணி புதிதாக எடுத்த ஆட்களை எடை போடுவது என்றால் எதை எடை போடுவது? விலையையா? அப்படியானால் கணக்கு இதோ. புரோ கபடியில் ஒரு வீரர் முதன்முதலாகக் கோடியைத் தாண்டியது 2018இல். அன்றிலிருந்து 2025 வரை ஏழு ஏலம் நடந்திருக்கிறது. 2018இல் மோனு கோயத், 1.51 கோடி, ஹரியானா. 2019இல் சித்தார்த் தேசாய், 1.45 கோடி, தெலுங்கு டைட்டன்ஸ். 2021இல் பர்தீப் நர்வால், 1.65 கோடி, உ.பி. யோத்தா. 2022இல் பவன், 2.26 கோடி, தமிழ் தலைவாஸ். 2023இல் மறுபடி பவன், 2.605 கோடி, தெலுங்கு டைட்டன்ஸ். 2024இல் சச்சின் தன்வர், 2.15 கோடி, தமிழ் தலைவாஸ். 2025இல் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயி, 2.23 கோடி, குஜராத். ஏழு ஏலத்திலும் அதிக விலைக்குப் போனவர்களில் ஒருவர்கூட அந்த ஆண்டுக் கோப்பையைத் தூக்கவில்லை. 2023இல் பவன் தனியாக 200 புள்ளிக்கு மேல் எடுத்தார். அவருடைய அணி 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் ஜெயித்துக் கடைசி இடத்தில் நின்றது.

இதே பட்டியலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023இலும் 2024இலும் விலையில் இரண்டாமிடம் ஷாட்லூயிக்கு. இரண்டு வருஷமும் அவர் அணிதான் கோப்பை வாங்கியது. முதலில் புனேரி பல்தன், அடுத்து ஹரியானா ஸ்டீலர்ஸ். பாடிப் போவது அவருடைய முதல் வேலை இல்லை, லெஃப்ட் கார்னரில் நின்று பிடிக்கிற ஆள். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுவது ரைடரின் தாவலை. தூக்குக் கயிறு மாதிரி கணுக்காலில் விழும் கார்னரின் பிடி ஒரு நொடியில் முடிந்துவிடும். விலையும் பெரும்பாலும் தாவலுக்குத்தான் ஏறுகிறது. மடங்கின விரலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

தலைவாஸின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் இன்னும் வலிக்கும். 2017இல் அணி பிறந்தது. தமிழ்நாட்டுக்கென்று ஒரு கபடி அணி என்றதும் ஊர் ஊராக பேனர் வைத்தார்கள். முதல் இரண்டு தொடரிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019இல் நிர்வாகம் பெட்டியைத் திறந்து பெரிய பெரிய ஆட்களாக எடுத்தது. 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானைச் சாய்த்த அஜய் தாக்கூர் ஏற்கெனவே கேப்டன். அவரோடு, ரைடில் அதுவரை அதிகப் புள்ளி எடுத்தவர்கள் வரிசையில் முன்னணியில் இருந்த ராகுல் சௌத்ரி. தடுப்பில் மலை மாதிரி, ஏற்கெனவே அணியில் இருந்த மஞ்சீத் சில்லர். நோட்டில் எழுதினால் அதைவிடப் பெரிய பட்டியலை யாரும் எழுத முடியாது. அந்த வருஷம் தலைவாஸ் 12 அணிகளில் பன்னிரண்டாவது. நான்கே வெற்றி.

ஏன் அப்படி ஆயிற்று? மூவருக்கும் பெயர் இருந்தது, வயதும் ஏறியிருந்தது. மூவரும் வெவ்வேறு அணிகளில் ஆளுக்கொரு ராஜாவாக இருந்து வந்தவர்கள். அவர்கள் சோர்கிற கடைசிப் பத்து நிமிஷத்தை வாங்கிக்கொள்ள, பசியோடு இருக்கும் ஒரு பையன் வேண்டும். அப்படி ஒருவனை அணி வளர்த்து வைத்திருக்கவில்லை. முதல் பாதியில் முன்னால் நின்று, இரண்டாம் பாதியில் கைநழுவ விட்ட ஆட்டங்களை அந்த வருஷம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதற்கு நேர்மாறாக ஒன்று 2022இல் நடந்தது. தமிழ்நாட்டில் கபடி பார்க்கும் ஒவ்வொருவரும் அதை மனப்பாடமாகச் சொல்லலாம். பவனுக்கு 2.26 கோடி, அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூருவுக்காக 2019 ஜனவரியில் நடந்த இறுதியில் தனியாளாக 22 புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கித் தந்தவர். அடுத்த தொடரில் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி. அந்த ஆள் தலைவாஸ் சட்டை போட்டு இறங்குகிறார் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

2022 அக்டோபர் 8, பெங்களூரு ஸ்ரீகண்டீரவா உள்விளையாட்டரங்கம். தலைவாஸின் முதல் ஆட்டம், எதிரே குஜராத். முதல் பாதிகூட முடியவில்லை. எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தொடர் முழுக்க அவர் திரும்பவில்லை. ஒரு வருஷத்து ஆளெடுப்பின் பாதிக் காசு முதல் நாளே பெஞ்சுக்குப் போய்விட்டது.

அணி தடுமாறியது. சில ஆட்டங்களுக்குப் பிறகு பயிற்சியாளர் உதயகுமார் விலகினார், அஷன் குமார் வந்தார். அப்போது முன்னால் வந்து நின்றவர் நரேந்தர். ஹரியானாவிலிருந்து வந்த பையன். புரோ கபடியில் அதுதான் அவருக்கு முதல் தொடர். ஏலத்தில் யாரும் கை தூக்கி வாங்கியவரில்லை. ‘புது இளம் வீரர்’ என்ற பிரிவில், ஏலத்துக்கு வெளியே அணிக்குள் வந்தவர். பவன் இறங்க வேண்டிய ஒவ்வொரு ரைடுக்கும் அவர் இறங்கினார். முதலில் ஒன்றிரண்டு புள்ளி, அப்புறம் ஐந்தாறு, அப்புறம் ஆட்டத்துக்கு ஆட்டம் பத்து. தொடர் முடிகையில் 243 ரைடு புள்ளி. பின்னால் சாகரும் சாஹில் குலியாவும் இரண்டு கார்னரையும் பூட்டி வைத்தார்கள். அவர்களும் பெரிய விலைக்கு வந்தவர்கள் இல்லை.

வரலாற்றில் முதல் முறையாகத் தலைவாஸ் பிளே-ஆஃபுக்குள் போனது. டிசம்பர் 13 அன்று மும்பையில் உ.பி. யோத்தாவோடு 36-36 என்று சமன். டை-பிரேக்கரில் 6-4 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்தனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. தோற்ற அந்த ராத்திரி புள்ளலூர் திண்ணையில் யாரும் திட்டவில்லை. "அந்தப் பையன் நரேந்தர் எங்கேர்ந்துடா வந்தான்?" என்றுதான் பேச்சு. கார்னர் மாமாவின் ‘மூணாவது’ கேள்வி அன்றைக்குத்தான் பிறந்தது.

பட்டியலைப் பார்த்து ஆளை எடை போடும் பைத்தியம் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடும் கால்பந்து, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம், ஒரு தனி உலகம். பள்ளி முடிக்கும் பையன்களுக்கு இரண்டு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று மதிப்புப் போடுகிறார்கள். எந்தக் கல்லூரிக்கு எத்தனை நட்சத்திரப் பையன்கள் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் வரிசை வெளியாகும். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் பயிர் செய்யும் குடும்பத்துப் பையன் ஜோஷ் ஆலன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடினான். அதன் பிறகு கடைசியில் இடம் கொடுத்தது வயோமிங் பல்கலைக்கழகம். 2018இல் தொழில்முறை அணிகள் ஆளெடுத்தபோது ஏழாவது பெயராக அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். 2024 தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். கலிஃபோர்னியா எங்கே, காஞ்சிபுரம் எங்கே? ஆனால் ஏரிப் பாசனத்துப் பையனைப் பார்க்க யாரும் வராத கதை அங்கும் அதேதான்.

ஆளெடுப்புக்கு விதி எழுதுவது இந்த வட்டாரத்துக்குப் பழைய வேலை. உத்திரமேரூர் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும், குடவோலை என்றதும் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் எழுதியது. ஊர்ச் சபைக்கு யாரை எடுக்கலாம் என்று வரி வரியாக வரையறை இருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் ஊன்றிப் பார்த்தால் அந்தக் கல்வெட்டின் பெரிய பகுதி யாரை எடுக்கக் கூடாது என்பதைப் பற்றியது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவர் உறவினர் கூடாது, அண்மையில் பொறுப்பில் இருந்தவரே மறுபடி கூடாது. தகுதியெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் ஓலைகள் குடத்துக்குள் போயின, ஒரு சின்னப் பையன் எடுத்தான்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: பேர் எழுதுவதற்கு முன் செய்யும் வேலைதான் பெரிய வேலை. ஏலக்கூடத்தில் கை தூக்குவது கடைசி ஐந்து நிமிஷம். அதற்கு முன் ஒரு வருஷம் எத்தனை மைதானத்தில் யார் போய் நின்றார்கள் என்பதுதான் அணியின் நிஜக் கணக்கு.

கார்னர் மாமா ஊர் செட்டுக்கு ஆள் பார்ப்பதை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பக்கத்து ஊரில் 55 கிலோ எடைப் பிரிவுக்குப் போட்டி. வேப்ப மரத்தடியில் எடை மெஷின். வரிசையில் நிற்கும் பையன்கள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருவன் சட்டையைக் கழற்றினான், அரைஞாண் கயிற்றை அவிழ்த்தான், கடைசியில் வாயில் ஊறிய எச்சிலையும் துப்பிவிட்டு ஏறினான். 55.2. நடுவர் கையை ஆட்டினார். பையன் மைதானத்தை மூன்று சுற்று ஓடிவிட்டு வேர்க்க வேர்க்க மறுபடி ஏறினான். 55. கூட்டம் கைதட்டியது. மாமா தட்டவில்லை. "காலைலேர்ந்து தண்ணி குடிக்கல, இப்ப ஓடிட்டு வேற வரான். ரெண்டாவது பாதியில இவனுக்குப் பாட்டு வராது," என்றார் மெதுவாக. அப்படியே ஆயிற்று. மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாவது பாதியில் ‘கபடி கபடி’ உதட்டிலேயே நின்றுபோய், நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் மூச்சு விட்டுவிட்டான்.

ரைடர் போகும்போது மாமா காலைப் பார்க்க மாட்டார், திரும்பும்போதுதான் பார்ப்பார். முன்னால் பாய்வது எல்லோருக்கும் வரும். ஏழு பேர் நடுவில் இருந்து திரும்புகிறபோது எந்தக் காலை முதலில் எடுக்கிறான், பின்னங்கால் தரையில் இழுபடுகிறதா, கண் யாரைப் பார்க்கிறது என்பதில்தான் ஆள் தெரிவான். இரண்டு ரைடு வெறுமனே போய், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டிய நேரத்தில் ஒருவன் தானாக முன்னால் வருகிறானா, பக்கத்து ஆளைப் பார்க்கிறானா என்று கவனிப்பார். பிடிக்கிற ஆளிடம் அவர் தேடுவது பொறுமை. ஆசைப்பட்டு முன்னால் பாய்ந்து அட்வான்ஸ் டேக்கிள் போடுகிறவனை, எவ்வளவு பலசாலியானாலும், ஒரு வருஷம் தள்ளி வைப்பார். அப்புறம் இன்னொன்று, இதை வேறு யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை: அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையன் என்ன செய்கிறான்? தலையைக் குனிந்துகொண்டு புல்லைப் பிடுங்குகிறானா, கோட்டோரம் வந்து கத்திக் கத்திச் சொல்லித் தருகிறானா?

இதில் ஒன்றுகூட நோட்டின் மூன்று பத்தியில் வராது.

இப்படிப் பார்க்கத் தெரிந்த கண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒன்று இருக்கும். ஆடத் தெரிந்த கால்களுக்கும் பஞ்சமில்லை. தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து போய் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர் கணேசன். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025இல் ‘பைசன்’ எடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சனம்பூண்டி என்ற ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கித் தந்தார். வடக்கத்திப் பையன்கள்கூட அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் பெண்கள் அணிக்குத் துணைக் கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா. இறுதியில் ஈரானை 75-21 என்று நொறுக்கினார்கள். ஆண்கள் அணியில் தங்கம் வாங்கியவர்களில் ஒருவர் வடுவூர் அபினேஷ். கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய் வைத்த ஜனங்கள். அந்த இடத்திலிருந்து ஒரு பெண் வந்து இந்தியச் சட்டை போட்டிருக்கிறாள் என்றால், அவளை முதலில் பார்த்த கண்ணுக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு.

ஆனால் மணத்திக்கும் மும்பை ஏலக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். இங்கே அந்தப் பாலம் பெரும்பாலும் கல்லூரிதான். பிளஸ் டூ முடிவு வந்ததும் சென்னையைச் சுற்றியிருக்கிற தனியார் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு டிரயல்ஸ் நடக்கும். கட்டணம் இல்லை, ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பையனுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கும்: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன். விடியற்காலையில் ஊர் முனையில் வந்து நிற்கும். பதினெட்டு வயதில் மாதச் சம்பளம் கையில் வரும் வேனா, ஒரு மணி நேர டிரயல்ஸில் தேறினால் மட்டும் கிடைக்கும் கல்லூரி இடமா? வீட்டில் கடன் இருந்தால் யோசிக்க நேரமே இருக்காது. நல்ல நல்ல ரைடர்கள் அந்த வேனில் ஏறிப் போயிருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டிரயல்ஸ் நடக்கும் விதமும் பையன்களுக்குச் சாதகமாக இல்லை. ஊரில் செம்மண்ணில், வெறுங்காலில் ஆடிய பையன் முதன்முதலாக மேட் விரிப்பில் ஷூ போட்டுக்கொண்டு இறங்குவதே அன்றைக்குத்தான். மேட் மீது கால் பிடிக்கும் விதமே வேறு. மண்ணில் வழுக்கி நிறுத்துகிற இடத்தில் மேட் சட்டென்று பிடித்துக்கொள்ளும், முழங்கால் முறுக்கும். இரண்டு ரைடு அனுப்பிப் பார்த்துவிட்டு "அடுத்தவன் வா" என்பார்கள். புள்ளலூருக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்படித்தான் போய், தேறியும்விட்டான். பேரைச் சொல்ல வேண்டாம், கல்லூரியின் பேரும் வேண்டாம். இரண்டாம் வருஷம் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருஷமே ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்ப ஆடியிருப்பான் என்று டாக்டர் சொன்னதாக அவன் அம்மா இன்றைக்கும் சொல்வார். பவனுக்கும் 2022இல் முழங்கால்தான். அடுத்த வருஷம் அவர் 2.605 கோடிக்குப் போனார். காயம்பட்ட ஆளுக்காகக் காத்திருப்பதும் ஆளெடுப்பில் ஒரு பகுதி என்று எழுதி வைத்துக்கொள்ளாத இடங்கள் நிறைய இருக்கின்றன. அது சரியில்லை.

அரசுப் பக்கத்தில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி, பொதுப் பிரிவு என்று கபடிக்கு இடம் உண்டு, மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநிலத்துக்குப் போகலாம். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் வாதாடுகிற பையனுக்கு அந்த 3 சதவீதம்தான் பெரிய ஆயுதம். "கபடி ஆடினா போலீஸ் வேலை கிடைக்கும்" என்று சொன்னால் அப்பா கொஞ்சம் இறங்கி வருவார்.

சரி, 2025ஆம் வருஷத்துத் தலைவாஸ் ஆளெடுப்புக்கு என்ன மதிப்பெண்? ஏல நாளில் பார்த்தால் கச்சிதமான வியாபாரம். அர்ஜுன் மாதிரி ஆளை ஒன்றரைக் கோடிக்குள் எடுத்தது கெட்டிக்காரத்தனம். ஒரு காலத்தில் இரண்டரைக் கோடி தாண்டிய பவனை 60 லட்சத்துக்குள் முடித்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் தொடரின் முதல் ஆட்டத்திலேயே தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று சாய்த்தார்கள். திண்ணையில் மறுபடி ஆரவாரம்.

செப்டம்பரில் பவன் அணியைவிட்டுப் பிரிந்தார். இரண்டு தூண் என்று கட்டிய பந்தலில் ஒரு தூண் நடுவில் போயிற்று. அர்ஜுன் தன் வேலையை விடாமல் செய்தார், புள்ளிகளைக் குவித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் வெளியே உட்காரும்போது ஆட்டம் உறைந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் எட்டு இடங்களுக்குள் தலைவாஸ் வரவில்லை. அதே தொடரில் பாட்னாவை அடுத்த சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போன அயன் லோசப்பைப் பாருங்கள். 2024இல் ‘புது இளம் வீரர்’ பிரிவில் வந்தவர். முதல் தொடரில் 184 ரைடு புள்ளி, இரண்டாவது தொடரில் 300ஐத் தாண்டினார். ஏலத்துக்கு வெளியே ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு வருஷம் ஆடவிட்டு, அடுத்த வருஷம் அவர் மேல் பாரத்தை ஏற்றினார்கள். நரேந்தரை வைத்துத் தலைவாஸ் ஒரு தடவை செய்துகாட்டிய அதே வேலை.

ஆகவே தலைவாஸ் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பெரிய விலைக்கு ஆள் எடுங்கள், தாராளமாக எடுங்கள். கூடவே தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் இரண்டு பேரை அனுப்பி வையுங்கள். ஊர் ஊராக ராத்திரி லைட்டு போட்டு நடக்கும் போட்டிகளை அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். எடை மெஷின் பக்கத்தில் நிற்கட்டும். தோற்றுப் போய் வெளியே உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்கிறான் என்று பார்க்கட்டும். ஹரியானாவில் ஒவ்வொரு ஊர் மண்ணையும் சல்லடை போட்டு அலசுகிறார்கள். சேரலாதனையும் கணேசனையும் கொடுத்த மண்ணை அப்படி அலசினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க இன்னும் யாரும் உட்காரவில்லை.

பொங்கலுக்கு ஊர் செட்டுக்கு ஆள் பிரித்தார்கள். முதல் ரைடர் யார் என்பதில் சர்ச்சை இல்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் உயரம், நன்றாகத் தாவுவான், பேக் கிக் அடித்தால் ஊரே விசில் அடிக்கும். இன்னொருவன் பத்தாவது படிக்கிற பையன், ஒல்லி. போன போட்டியில் அவுட் ஆன பிறகு கோட்டோரத்திலேயே குத்தவைத்து, லெஃப்ட் கவர் எப்போது முன்னால் வருகிறான் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மாமா அதைப் பார்த்திருந்தார்.

"டேய், இங்க வா. அந்த லெஃப்ட் கவர் எத்தனை வாட்டி முன்னால வந்தான்?"

"ஆறு வாட்டி மாமா. ஆறும் நம்ம ஆளு வலது கால எடுத்தப்பதான்."

நோட்டுக்காரப் பையன் பக்கத்தைத் திருப்பி, நான்காவதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டான். தலைப்பு என்ன எழுதுவது என்று மாமாவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே எழுந்து, மடங்கின விரலால் அந்த ஒல்லிப் பையனின் தோளைத் தட்டி, எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.